ஊர்தி அலை என்ன ஆகிறது?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். பண்பேற்றம் (மாடுலேஷன்) பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். பாட்டு கற்றுக்கொள்கிறவள். "எங்கள் பாட்டு டீச்சர் கிரகபேதத்தை மாடுலேஷன் என்கிறார். ஆண்டு விழா நாடகத்துக்குப் பயிற்சி தரும் தமிழ் ஐயா, வசனத்தில் மாடுலேஷனே இல்லை என்று திட்டுகிறார். நீங்கள் வானொலிக்கும் அதையே சொல்கிறீர்கள். எல்லாம் ஒன்றா டீச்சர்?" என்று கேட்டாள். "எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஓவியத்திலும் இந்தச் சொல் உண்டாமே? உங்கள் கருத்தைச் சொல்ல முடியுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. ஏறி இறங்காதது உலகத்தில் எது? காய்கறி விலையும்தான் ஏறி இறங்குகிறது. அவளிடம் வேறு இரண்டு கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள். மாற்றம் எதன்மேல் ஏறுகிறது? கேட்பவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த 'எது' என்ன ஆகிறது?

வானொலியில் இதற்குப் பதில் இரக்கமே இல்லாதது. திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 9,36,000 முறை அதிர்ந்து செய்தியைச் சுமந்து செல்லும் அந்த ஊர்தி அலையின் வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, செய்தி வாசிப்பவரின் குரல் கூட்டிக் குறைக்கிறது. குரலை நேரடியாக அனுப்பினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். 3 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு ஈடான மின்காந்த அலையின் நீளம் 100 கிலோமீட்டர். அதில் கால் பங்கு நீளத்துக்கு ஆண்டெனா வைப்பதென்றால், மதுரையில் தொடங்கும் கம்பம் திருமங்கலத்தைத் தாண்டிவிடும். 936 கிலோஹெர்ட்ஸுக்கு 80 மீட்டர் போதும். ஆக ஊர்தி அலை வெறும் சுமைதூக்கி. வானொலிப் பெட்டிக்குள் வந்ததும் ஒரு டையோடும் ஒரு மின்தேக்கியும் அதை வடித்துக் கொட்டிவிடுகின்றன. அது அதிர்ந்த கதை கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

கொடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை (எஃப்.எம்.) வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸ். அங்கே வீச்சு மாறுவதில்லை. அதிர்வெண்தான் இரு பக்கமும் அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகி விலகித் திரும்புகிறது. ஐப்பசி மழையில் மின்னல் வெட்டும்போது திருச்சி கரகரக்கிறது, கோடை கரகரப்பதில்லை. இதை உங்கள் மாணவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மின்னல் அலையின் வீச்சைத்தான் கெடுக்கிறது. பண்பலை வாங்கி வீச்சை மதிப்பதே இல்லை. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஏழாயிரம் அடி உயரத்தில் கோபுரம் நிற்பதால், நேர்கோட்டில் செல்லும் இந்த அலைகள் மதுரை, தேனிச் சமவெளி முழுவதும் தடையில்லாமல் இறங்குகின்றன.

இனி பாட்டு. இங்கே நிலைமை தலைகீழ். பாடகரின் குரலை வடித்துக் கொட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்பவர் எவரும் இல்லை. நாம் போய் உட்காருவதே அந்தக் குரலுக்காகத்தான். வானொலியும் பாட்டும் ஒன்றல்ல என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பாட்டுக்குள்ளேயும் மூன்று தனித்தனிக் காரியங்கள் ஒரே பெயரில் நடமாடுகின்றன. ஒன்று கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடச் சொல்லுங்கள், தோடி போய்விடும். தம்புரா நிற்கிறது, சுரம் அசைகிறது. இதற்கும் பண்பலைக்கும் வரைபடம் ஏறத்தாழ ஒன்றே. 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் இந்த அசைவைக் கணினியில் வேகப்படுத்திக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் காது அதை அசைவாகக் கேட்பதை விட்டுவிட்டுப் புதிய நாதமாகக் கேட்கத் தொடங்கியது. அந்த உத்தியில்தான் 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது. அந்தப் பத்தாண்டில் உலகெங்கும் வந்த பாடல்களில் கேட்ட கண்ணாடி மணி ஓசைக்கு மூலம் அதுவே.

இரண்டாவது, ஆதார சுருதியையே தூக்கி வேறிடத்தில் வைப்பது. மேற்கத்திய இசையில் மாடுலேஷன் என்பது முதன்மையாக இதுதான்: சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போனால் ஒரு சுரம் விலகி, அதன் இடத்தில் புதிய சுரம் வரும். நம் பக்கத்தில் இதன் தூரத்து உறவைப் பார்க்க ஸ்பெஷல் நாடகத்துக்குப் போக வேண்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர் நாடகக் குழுவான பாலர் சபையைத் தொடங்கிய ஊர் மதுரை. வள்ளி திருமணம் இன்றும் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஒத்திகை கிடையாது. வேலன் ஐந்து கட்டையில் பாடி நிறுத்துவார். வள்ளிக்கு நாலரைதான் வசதி. அந்த இடைவெளியில் பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் விரலை நகர்த்திப் புதிய சட்ஜத்தை அழுத்திக் கொடுத்துவிடுவார். வள்ளி அதைப் பிடித்துக்கொண்டு தர்க்கத்தில் இறங்குவார். முன்வரிசையில் பாய் விரித்திருப்பவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. கச்சேரி விமர்சகர்கள் இந்த வித்தையை ஏன் எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மூன்றாவதுதான் உங்கள் மாணவியின் டீச்சர் சொன்ன கிரகபேதம். இதில் சுரங்கள் அசைவதும் இல்லை, புதிதாக ஒன்று வருவதும் இல்லை. வீடு, அதாவது ஆதார சுரம், மட்டும் மாறுகிறது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை வைக்கிறாள். பால் உறையவில்லை, சகுனம் சரியில்லை என்ற கலக்கத்தில் ஆடும் ஆட்டம் அது. அந்தப் பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். எண்ணத் தொடங்கும் பெண்ணை மட்டும் மாற்றுவோம். குரல் என்ற பெண்ணிலிருந்து எண்ணினால் செம்பாலை என்ற பழைய ராக வடிவம். ஆய்வாளர்கள் பலர் இதை இன்றைய அரிகாம்போதி என்கிறார்கள். உழையிலிருந்து எண்ணினால் அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளியிலிருந்து கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியிலிருந்து தோடி, தாரத்திலிருந்து கல்யாணி. கைக்கிளையில் தொடங்கினால் மட்டும் சுத்தமான பஞ்சமம் கிடைக்காது. மாணவியிடம் ஒரு கீபோர்டைக் கொடுத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள். தொடங்கும் கட்டையை மாற்ற மாற்ற ராகம் மாறுவதை அவளே கேட்பாள்.

இதில் ஊர்தி எது, செய்தி எது? பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டு டீச்சர் சொல்வது பாதி சரி என்பேன்: வீடு மாறுகிறது என்ற அளவில் சரி. ஆனால் மேற்கில் வீடு மாறும்போது பெரும்பாலும் பழைய வடிவத்தைப் புது மனையில் திரும்பக் கட்டுகிறார்கள். நாம் அதே கற்களை வைத்துக்கொண்டு வாசலை மட்டும் மாற்றி வைக்கிறோம்.

ஓவியத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. வெளிச்சமும் நிழலும் தீட்டி உருளையாகக் காட்டுவதைவிட, ஒரு நிறத்திலிருந்து பக்கத்து நிறத்துக்குச் சிறு சிறு அடியாக நகர்ந்து திரட்சியைக் கொண்டுவர வேண்டும் என்பது பிரெஞ்சு ஓவியர் செசான் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் கருத்து. அவர் ஆப்பிள் படங்களைப் பார்த்தால் புரியும். அறிவியலிலேயே இன்னொரு வகையும் உண்டு. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடும்போது, விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்கள் குறைகின்றன. இதையும் பண்பேற்றம் என்றே சொல்கிறார்கள். அங்கே செய்தி அனுப்புபவர் யாருமில்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக அந்தப் புள்ளிகளைப் படமெடுத்து வருகிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

கடைசியாகத் தமிழ் ஐயா. பேச்சு, வானொலிக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1940இல் பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி ஒரு கட்டுரையில், குரல்வளையின் ரீங்காரம்தான் ஊர்தி, உதடும் நாக்கும் மெதுவாக அசைந்து அதன்மேல் சொல்லை ஏற்றுகின்றன என்று வாதிட்டார். சோதித்துப் பார்ப்பது சுலபம். ரகசியம் பேசும்போது குரல்வளை அதிர்வதில்லை, வெறும் மூச்சுதான் வருகிறது. ஆனாலும் சொல் புரிகிறது. அந்த மட்டுக்கு ஊர்தியை வீசிவிடலாம். ஆனால் கேலியா, கெஞ்சலா, அதட்டலா என்பதில் பெரும்பகுதி அந்த ரீங்காரத்தின் ஏற்ற இறக்கத்தோடு போய்விடுகிறது. நன்னூல் இதை எடுத்தல் (உயர்த்துவது), படுத்தல் (தாழ்த்துவது), நலிதல் (இடைப்பட நிறுத்துவது) என்று மூன்றாக வகுத்து, ஒலிகளின் வேறுபாட்டுக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறது.

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை உச்சத்துக்கு ஏற்றிக் கையை வீசுகிறார்கள். நடுவர்கள் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். அது ஏற்றமே தவிர, எதையும் ஏற்றிக்கொண்டு வரவில்லை. எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரியாதபோதுதான் எல்லாச் சொல்லையும் எடுக்கத் தோன்றும். "நீயா அவனை அனுப்பினாய்?" என்பதும் "நீ அவனையா அனுப்பினாய்?" என்பதும் தமிழில் விகுதியாலேயே பிரிந்துவிடுகின்றன, குரல் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. "நீதான் அவனை அனுப்பினாய்" என்ற வரியில்தான் வேலை இருக்கிறது. அது பாராட்டாகவும் இருக்கலாம், குற்றச்சாட்டாகவும் இருக்கலாம்.

அந்த வரியை நாடகத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருவர் வாயை மூடிக்கொண்டு முனகலாகவே சொல்லட்டும், இன்னொருவர் ரகசியக் குரலில் சொல்லட்டும். முதலாமவரிடம் கோபம் தெரியும், சொல் தெரியாது. இரண்டாமவரிடம் சொல் தெரியும், கோபம் அரைகுறையாகத்தான் தெரியும். பாட்டு கற்கும் பெண்ணை ரகசியக் குரலில் ஒரு கீர்த்தனையின் பல்லவியைச் சொல்லச் சொல்லி, அது எந்த ராகம் என்று வகுப்பைக் கேளுங்கள். ஊர்தி அலை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அதற்குப் பிறகு அவளே உங்களுக்குச் சொல்வாள்.

அன்புடன்.