வலையொலிக்கு (பாட்காஸ்ட்) வாட்சப் குழு போதாதா? ஆர்எஸ்எஸ் ஓடை எதற்கு?

வாட்சப் குழுவில் 300 பேர் இருக்கிறார்கள், ஒலிப்பதிவை அதிலேயே போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஊர்ச் செய்தியும் பெரியவர்கள் பேச்சும்தான் சரக்கு என்று வைத்துக்கொள்கிறேன். போதாது. ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதுப் பகுதி வந்ததைக் கேட்பவரின் செயலிக்குத் தெரிவிக்கும் இணையப் பட்டியல், வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் கணினி படித்தவன் அல்ல. ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் என் சொற்களில் குறை சொல்லலாம், நடந்ததில் சொல்ல முடியாது.

2019-இல் கோபிசெட்டிபாளையம் பக்கம் இருந்த அப்புச்சியின் (அம்மாவழித் தாத்தா) பேச்சைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சின்னப் பையனாகக் கீழ்பவானி வாய்க்கால் வெட்டியதைப் பார்த்தவர். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை ஓரம் குத்தவைத்து, கிழங்கில் ஒரு குச்சியைக் குத்திப் பார்த்தபடி சொல்வார்: “வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்கோணும் கண்ணு. நொரை பொங்கி வாசம் மாறுச்சுன்னா எடுத்துரோணும். மேல உட்டா நெறம் போயிரும்.” பின்னால் கொப்பரை கொதிக்கும் சத்தம் கேட்கும். இப்படி 34 பகுதிகள். முதலில் வாட்சப்பில்தான் போட்டேன். மூன்று நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்து போகும்.

வாட்சப் என்றால் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. போன தையில் பங்காளி வீட்டுக் கல்யாணம். பத்திரிகையைக் கைபேசியில் அனுப்பி, ‘நேரில் வந்ததாக நினைத்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி. வெற்றிலை பாக்கோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு அழைத்த சீமை இது. நான் போகவில்லை. தப்பு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்புறம் இலவசமாக வலையொலி ஏற்றித் தரும் ஒரு சேவையில் எல்லாவற்றையும் போட்டேன். ஓடையும் அவர்களே தந்தார்கள். கைபேசியில் இடமில்லாததால், ஏற்றியதும் மூலப் பதிவை அழித்துவிடுவேன். 2022-இல் அப்புச்சி தவறினார். அடுத்த ஆண்டு அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். ஓடை முகவரி அவர்கள் பெயரில் இருந்ததால் எல்லாம் அதோடு போயிற்று. அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

ஓடை என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, தேதி, ‘என்க்ளோஷர்’ என்ற வரியில் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை. 2000-த்தில் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் இந்த வரியைச் சேர்த்ததால்தான் பிற்பாடு வலையொலியே சாத்தியமாயிற்று. கேட்பவரின் செயலி அவ்வப்போது அந்தக் கோப்பைப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வரும். ஆப்பிள் பட்டியலில் உங்கள் நிகழ்ச்சி தெரிகிறது என்பதால் ஒலி அங்கே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அவர்களும் உங்கள் ஓடையைத்தான் படிக்கிறார்கள்.

என்னைக் காப்பாற்றியதும் இதே ஏற்பாடுதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா, பேருந்தில் கேட்பதற்காகப் பகுதிகள் தானாகவே கைபேசியில் பதிவிறங்கும்படி வைத்திருந்தார். அவருடைய பழைய கைபேசியில் 19 பகுதிகள் கிடைத்தன. மற்ற 15 போனது போனதுதான்.

ஆகவே சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி, ஓடையை அதில் வையுங்கள். ஒலிக்கோப்பு எங்கே இருந்தாலும் சரி, இடம் மாறினால் ஓடையில் அந்த வரியை மட்டும் மாற்றினால் போதும், கேட்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஓடையே வேறு முகவரிக்குப் போவதானால் பழைய இடத்தில் ‘301’ என்ற நிரந்தரத் திருப்புதல் போடச் சொல்லுங்கள். மூலப் பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள்.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். போடுங்கள், நானும் போடுகிறேன். 2013 ஜூலை 1-இல், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் என்ற சேவையை மூடியபோது அதில் படித்தவர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள். யூடியூபில் உங்களைக் கேட்பவர்களை அப்படிக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

ஓடை தயாரானதும் முகவரியை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மண்டியில் வரத்து அதிகமான காலம், ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கைபேசியைத் தொடுவேன்.