கண்டல் நட்ட கணக்கு

அன்புள்ள ஐயா,
வளர்முக நாடுகளின் உயிர்ப்பல்வகைமையைக் காக்க 2025க்குள் ஆண்டுக்கு 2000 கோடி டொலர் தருவதென்று 2022இல் மொன்றியலில் நடந்த ஐ.நா. மாநாட்டில் முடிவானது. எங்கள் வாவிக்கு அதில் என்ன வந்தது? நாட்டின் வெளிக்கடனில் ஒரு பங்கைக் கழித்து, அந்தக் காசில் இயற்கையைக் காக்கும் ஒப்பந்தம் எங்களுக்குச் சரிவருமா? காசில்லாமலே எங்கள் சங்கம் போன மாதம் வாவிக் கரையில் 500 கண்டல் (அலையாத்தி மரம்) நட்டது.
- வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,
உங்கள் கோபம் நியாயம். அதே முடிவின்படி 2030இல் அந்தத் தொகை 3000 கோடியாக வேண்டும். கடன் கழிப்பு கொழும்பில் முடிவாகிற விசயம், அதை விடுங்கள்.

அந்த 500ஐ எந்த மட்டத்தில் நட்டீர்கள்? கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே! சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1000 ஹெக்டேயருக்கு மேல் நட்டார்கள். தேறியது 200 சொச்சம்தான் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. காசு வந்துதான் அப்படிப் போனது.

சேறு கண்ட இடமெல்லாம் கண்டல் வளராது. வெறும் சேறாகக் கிடக்கிற இடம் பெரும்பாலும் தாழ்வானது, கன்று எந்நேரமும் நீருக்குள் நிற்கும். நம் வாவியில் கடல் ஏற்றவற்றம் சிறிது. மாரி வெள்ளமும், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரமும்தான் நீர்மட்டத்தை ஆட்டுகின்றன. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டும்வரை வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கினால், மூச்சுத்துளைகள் மூழ்கிக் கன்று செத்துவிடும். தப்பியதைக் கோடையில் மாடு கடிக்கும்.

ஏற்கெனவே நிற்கிற கண்டலின் அடியில் அளவுகோல் ஒன்றை நடுங்கள். மாரியிலும் கோடையிலும் நீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறியுங்கள். அதே மட்டமுள்ள இடத்தில் மட்டும் நடுங்கள். நடுகிற நீண்ட காயின் கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றல். பச்சையாகப் பிடுங்காதீர்கள். கூர்முனை கீழே, மூன்றிலொரு பங்கு புதைய வேண்டும்.

அதற்கும் முன்னால், அங்கே கண்டல் தானாக ஏன் முளைக்கவில்லை என்று பாருங்கள். றோட்டோ றால் பண்ணை வரம்போ நீரை மறித்திருந்தால் முதல் வேலை மதகு போடுவது. நீர் ஓடத் தொடங்கினால் காய் மிதந்து வந்து தானே ஊன்றும். பல இடங்களில் நடவே தேவைப்படாது.

திட்டக்காரரோ நட்ட எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். மதகு அந்தக் கணக்கில் வராது. இரண்டு மூன்று வருடத்தில் திட்டம் முடிந்துவிடும், பிறகு எண்ண ஆளில்லை. கொடுப்பது எந்த நாட்டு அரசானாலும், ஐந்தாம் வருடம் உயிரோடு நிற்பதை எண்ணுகிற கூலியைத் திட்ட ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிச் சண்டை பிடியுங்கள். 2000 கோடிக்குக் குரல் கொடுக்கிற உங்களால் இதுவும் முடியும்.

ஐப்பசிக்கு முன் அளவுகோலை நட்டுவிடுங்கள் தம்பி. முதல் வெள்ளம் எதுவரை ஏறியதென்று எனக்கு எழுதுங்கள்.