தரையில் மெதுவாகத்தானே போகின்றன, பிறகு எப்படி இரண்டு விமானங்கள் மோதிக்கொள்கின்றன? விமானிக்குத் தெரியாதா?

தெரியாது. உங்கள் கேள்வியில் பாதிக்கு இந்த ஒரு சொல்லே பதில். பெரிய பயணிகள் விமானத்தின் விமானி அறையில் உட்கார்ந்திருப்பவர் தன் விமானத்தின் இறக்கை முனையைப் பார்க்க முடியாது. பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒருவேளை தெரியலாம். ஓடுகிற விமானத்தில் அதையா செய்துகொண்டிருப்பார்?

நான் விமானி அல்லன். சில ஆண்டுகள் விமானம் நிறுத்துமிடத்தில் தரைப்பணியாளனாக இருந்தவன். இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது இறக்கை முனைக்குக் கீழே கூடவே நடந்து, எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கையில் ஒளிரும் குச்சிகள் இரண்டு இருக்கும். தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் 'நில்' என்று பொருள். ஓர் இரவு, பக்கத்து இடத்தில் நின்ற விமானத்தை அதற்குரிய குறி வரை கொண்டுபோகாமல் சற்று முன்பாகவே நிறுத்தியிருந்தார்கள். மூக்கு உள்ளே போகாத அளவுக்கு வால் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இழுவை வண்டி ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தாராளமாக இடமிருப்பது போலத்தான் தெரியும். நான் குச்சிகளைக் குறுக்கே பிடித்து, வண்டி நின்ற பிறகு அண்ணாந்து பார்த்தேன். எங்கள் இறக்கை முனைக்கும் அந்த வாலுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்கூட இல்லை. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று விமானி ஹெட்செட்டில் கேட்டாராம். பாவம், அவர் மேல் குற்றமில்லை. பல மீட்டர் முன்னால், வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இழுவை வண்டி கழன்று, விமானம் சொந்த எஞ்சின் பலத்தில் நகரத் தொடங்கிவிட்டால் இறக்கையோடு கூட நடக்க ஆள் கிடையாது. அதன் பிறகு மஞ்சள் நடுக்கோடுதான் துணை. முன்சக்கரம் அந்தக் கோட்டின் மேல் போனால் கட்டடம், கம்பம், அடுத்த பாதையில் செல்லும் விமானம் எதுவும் இறக்கையில் படாதபடி அளந்துதான் பாதை அமைக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மற்ற விமானமும் தான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பாதி திரும்பியோ, நிறுத்தக் கோட்டுக்கு முன்பாகவோ அது நின்றுவிட்டால் நடுக்கோடு உங்களைக் காப்பாற்றாது.

2011 ஏப்ரல் 11 இரவு, நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் நடந்ததைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸின் ராட்சத ஏ380 விமானம், ஏறக்குறைய 80 மீட்டர் இறக்கை அகலத்தோடு போகிறது. அப்போதுதான் தரையிறங்கி வந்த கோம்ஏர் நிறுவனத்தின் சிறிய சிஆர்ஜே விமானம், வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, நிறுத்துமிடத்துக்குப் போக வழி கிடைப்பதற்காகக் காத்து நிற்கிறது. ஏ380-இன் இடது இறக்கை முனை அந்த வாலில் பட்டதும், சிறிய விமானம் நின்ற இடத்திலேயே பொம்மை போலச் சுழன்றது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

2024 செப்டம்பர் 10, அட்லாண்டாவில் கிட்டத்தட்ட இதே கதை. ஓடுபாதைக்கு முன் காத்து நின்ற சிஆர்ஜே 900-க்குப் பின்புறமாகக் கடந்துபோன டெல்டா நிறுவனத்தின் பெரிய ஏ350 விமானம், அதன் வாலை இறக்கையால் முறித்துச் சாய்த்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சியாட்டிலில், நின்றிருந்த டெல்டா 737-இன் வாலுக்குள் ஜப்பான் ஏர்லைன்ஸ் 787-இன் இறக்கை சொருகிக்கொண்டது. மூன்றிலும் அடி வாங்கியது நின்றுகொண்டிருந்த விமானம், அதுவும் வாலில். தன் பின்னால் எது கடக்கிறது என்று அந்த விமானிக்கும் தெரிய வழியில்லை.

திருப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நீளமான பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்மூலை வலப்பக்கம் சற்று வெளியே வீசும் அல்லவா? பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் அப்படித்தான். நேராகப் போகும்போது இருந்ததைவிடத் திருப்பத்தில் வெளிப்பக்க முனை இன்னும் தள்ளிப் போகிறது. நேரில் பார்த்திராதவர்கள் இதை நம்புவதே இல்லை.

'கேமரா பொருத்தினால் என்ன?' என்று அடுத்துக் கேட்பீர்கள். போயிங் 777-300இஆர் போன்ற நீளமான விமானங்களில் இருக்கிறது. ஆனால் சக்கரம் பாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அது. இறக்கை முனையைக் காட்டும் கருவியைப் பெரிய விமானங்களில் வைக்கும்படி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. போயிங் 777எக்ஸ் வேறு வழியைப் பிடித்தது: 71.8 மீட்டர் இறக்கையின் முனைகளைத் தரையில் மடக்கி 64.8 மீட்டராக்கிக்கொள்ளும். பழைய 777 நிற்கும் இடங்களிலேயே நிற்க முடிய வேண்டும் என்பதற்காகச் செய்தது என்றாலும் எனக்குப் பிடித்த யோசனை.

ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 583 பேர் இறந்த 1977 விபத்தையும், டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2024 ஜனவரியில் நடந்த விபத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். அவை ஓடுபாதை விபத்துகள். அங்கே ஒரு விமானம் முழு வேகத்தில் இருந்தது. நான் சொல்பவை ஆள் ஓடுகிற வேகத்திலோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நடப்பவை. அதற்காக விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 2018 ஜனவரியில் டொரண்டோவில் பயணிகள் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்த சன்விங் விமானம் ஒன்று, நின்றிருந்த வெஸ்ட்ஜெட் விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. வெஸ்ட்ஜெட்டில் இருந்தவர்கள் சறுக்குப் பாதை வழியே இறங்கித் தப்பினார்கள்.

விமானம் தரையிறங்கி, வாயிலுக்கு முன்னால் காரணம் தெரியாமல் நிற்கிறதே, அப்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பை எடுக்க எழுந்துவிடாதீர்கள். கென்னடியில் அந்தச் சிறிய விமானம் சுழன்றது இப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான்.