டைமேக்ஸியன் கார் ஏன் முன்மாதிரியோடு நின்றுபோனது?

முன்மாதிரிக் கார் என்றால், ஒரு யோசனை சரிவருமா என்று பார்க்க விற்பனைக்கு முன்னால் செய்யும் பரிசோதனை வண்டி. அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1933இல் தொடங்கிய டைமேக்ஸியன், மூன்று வண்டிகளோடு நின்றுவிட்டது. கண்ணீர்த்துளி வடிவம், ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். முன்னிரு சக்கரங்கள் வண்டியை இழுக்கும். திரும்புவது பின்னாலிருந்த ஒற்றைச் சக்கரம். சிக்கல் அங்கேதான்.

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகு புறப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். சுக்கான் பின்னால் இருப்பதால், மூக்கு கடல் பக்கம் திரும்பும்போது பின்பகுதி துறையை நோக்கி வீசும். டைமேக்ஸியனும் அப்படித்தான், இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். தண்ணீரில் சரி, நெரிசலான தெருவில்? மெதுவாகப் போகையில் இது நல்ல வித்தை, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சுற்றிவிடும். வேகம் கூடினால் பின்பகுதி மேலெழும்பப் பார்க்கும். அப்புறம் பக்கக் காற்றும் சேர்ந்தால் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்தான். 1933இல் சிகாகோ விபத்தில் அதன் ஓட்டுநர் இறந்தபின் முதலீடு செய்யவும் ஆட்கள் தயங்கினார்கள்.

மூன்று சக்கரம்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டோவுக்கும் மூன்றுதான், ஆனால் அதில் திரும்புவது முன்சக்கரம்.