மகளுக்கு வீடு எழுத எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: எனக்கு 68 வயது. கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1994இல் என் பெயரில் கிரயம் வாங்கியது. மகன்கள் இருவரும் வெளியூரில் வசதியாக இருக்கிறார்கள். என்னோடு இருப்பது கணவரைப் பிரிந்து வந்த மகள்தான். வீட்டை அவளுக்கே உயில் எழுத நினைக்கிறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் பத்திர எழுத்தர் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மகளோ தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்கிறாள். யாரிடம் போகட்டும்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இரண்டு பேருமே வேண்டாம். நீங்களே ஒரு வக்கீலைத் தேடிப் பிடியுங்கள், மகள் இல்லாமல் போய்ப் பாருங்கள்.

உங்கள் மகளைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உயிலால் சொத்து அடைகிறவரே அதை எழுதுவதிலும் முன்னால் நின்றால் அது சந்தேகத்துக்கு இடம் தரும், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவர்தான் என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்கு உங்கள் மகன்கள் கோர்ட்டுக்குப் போனால் அவர்கள் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே, "அம்மாவை வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனது யார்?" என்பதாகத்தான் இருக்கும். உயிலே எழுதாமல் விட்டாலோ, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு போய்விடும்.

சரி, எப்படித் தேடுவது? பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிற சிவில் வக்கீலாகப் பாருங்கள். உயில் எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். உங்கள் தெருவில் யாராவது வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், பேங்குக்காக அவர்கள் பத்திரங்களைப் பார்த்து ஒப்பீனியன் கொடுத்த வக்கீல் யார் என்று கேளுங்கள், மூலப்பத்திரத்தை வரி விடாமல் படிக்கிற பழக்கம் அவருக்கு இருக்கும். இணையத்தில் வரும் விளம்பரத்தை நம்பிப் போகாதீர்கள், வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பார் கவுன்சில் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம்தான் தடை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முதல் சந்திப்பிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து வரச் சொல்கிறாரா, மகன்களுக்கு ஏன் தரவில்லை என்று கேட்கிறாரா, உங்கள் உடம்புக்கு என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கிறாரா என்று பாருங்கள். எதுவுமே கேட்காமல் பழைய உயில் ஒன்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்ற ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபீஸ் எவ்வளவு, எழுதித் தருவதற்கு மட்டுமா, ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட வருவதற்கும் சேர்த்தா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

பத்திர எழுத்தர்களில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பயம் சாட்சியைப் பற்றித்தான். நான் நடத்திய ஒரு வழக்கில் உயில் பதிவு ஆகியிருந்தது, ஸ்டாம்பு, கைநாட்டு எல்லாம் சுத்தமாக இருந்தது. சாட்சிகளில் ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றினோம். "அந்தம்மா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீங்களா?" என்று எதிர்த்தரப்பு கேட்டதும் அவர், "நான் டீக்கடையில இருந்தேங்க, பேப்பரைக் கொண்டாந்தாங்க, போட்டேன்" என்றார். அந்த ஒரு வரியில் எங்கள் கேஸ் போய்விட்டது. அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட அந்தப் பெண் கோர்ட் வராந்தாவில் அழுதுகொண்டு நின்றது இன்னமும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் சாட்சிகள் இரண்டு பேரும் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, உங்களை நன்றாகத் தெரிந்தவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாக இருக்கட்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அவர்களும் உங்கள் கண்முன்னே போட வேண்டும். மகனின் நண்பர், மகளின் தோழி எல்லாம் வேண்டாம், பக்கத்து வீட்டு ஆசிரியர் மாதிரி யாராவது போதும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் பதிவு செய்துவிடுவதே நல்லது. உங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம், நல்ல நினைவோடு இருக்கிறீர்கள் என்று அதே வாரத்தில் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். மகன்களுக்குப் படிப்பு, கல்யாணம் என்று நீங்கள் செய்தது என்ன, வீடு ஏன் மகளுக்கு என்பதை உயிலிலேயே நாலு வரி உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதிவிட்டால் மாற்ற முடியாதோ என்று தயங்க வேண்டாம். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.