கொடைக்கானல் டூர் போனா சுகர் ஏறுது, என்ன பண்றது? சாப்பாட்டு நேரத்த முதல்ல உங்க கைக்கு கொண்டு வாங்க

கோவில்பட்டியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 54 வயசு, ஆறு வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுறார். ஊர்ல இருக்கும்போது வாயக் கட்டி ஒழுங்கா இருக்கார், வெறும் வயித்துல 120 தாண்டுறதில்ல. போன மே மாசம் மூணு நாள் கொடைக்கானல் போயிட்டு வந்து பாத்தா 210, இறங்கவே மூணு வாரம் ஆச்சாம். இந்த தடவ நாலு நாள் பேக்கேஜ், சாப்பாடும் அதுலயே சேத்தி. குளிருக்கு பசி ஜாஸ்தியாகுதா, இல்ல அவர் வாயாலதானா, அங்க கிடைக்கிற சுகர் ஃப்ரீ ஹோம்மேட் சாக்லேட்ட குடுத்து சமாளிக்கலாமான்னு கேக்குறாங்க.

சாக்லேட்டுக்கு பதில் முதல்லயே சொல்லிடறேன் அக்கா, வேணாம். ஏன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, அவர் வாய திட்டாதீங்க. ஊர்ல எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்கு சாப்பாடுன்னு நீங்க வச்சிருக்கிற நேரம்தான் அவர காப்பாத்துது. மலைக்கு வந்ததும் அந்த நேரம் உங்க கைய விட்டு வேன் டிரைவர் கைக்கு போயிடுது. பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாம் முடிச்சிட்டு மூணு மணிக்கு அவர் நிறுத்துற இடத்துலதான் மத்தியான சாப்பாடு, அது வரைக்கும் இடையில டீ, பஜ்ஜி, மசாலா தடவின சோளம். பசியோட உச்சத்துல உக்காந்தா யாருக்குத்தான் கை நிக்கும்?

குளிருக்கு பசி கொஞ்சம் கூடலாம், ஆனா தண்ணி குடிக்கிறது குறைஞ்சிடும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், வேர்க்காது, தண்ணி நினைப்பே வராது, அதுக்கு பதிலா டீ உள்ள போகும். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன்னு வச்சாலே எட்டு, பத்து கிராம் சக்கரை, அஞ்சு டீ குடிச்சா 50 கிராம் பக்கம் போயிடும், பிளாஸ்க்ல போட்டு விக்கிற டீயில சக்கரைய முதல்லயே கலந்துடுவாங்க, கம்மி பண்ண சொல்லவும் முடியாது. அஞ்சு லிட்டருக்கு கீழ பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மலைக்கு கொண்டு போக தடை இருக்கு, அதனால ரெண்டு ஸ்டீல் பிளாஸ்க் எடுத்துக்கோங்க, ஒவ்வொரு ஹோட்டல்லயும் சுடுதண்ணி கேட்டு நிரப்பிக்கோங்க.

இப்போ சாக்லேட். பெரும்பாலான கடைகள்ல ஹோம்மேட்னு விக்கிறது என்னன்னா, கோகோ வெண்ணெய்க்கு பதிலா தாவர கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டிய மொத்தமா வாங்கி, உருக்கி, அச்சுல ஊத்தி, முந்திரி திராட்சை தூவினது. எடையில பாதிக்கு பக்கம் சக்கரை. சுகர் ஃப்ரீன்னு போட்டு விக்கிறதுல நிறைய மால்டிடால்னு ஒரு இனிப்பு இருக்கும், அது சக்கரைய விட கம்மியா ஏத்தும், ஆனா ஏத்தும். சுகர் ஃப்ரீதானேன்னு ஒரு பெட்டிய காலி பண்ணா ஏறவும் ஏறும், வயித்தாலயும் போகும், மலை ரோட்டுல அது பெரிய அவஸ்தை. அதவிட மோசம் என்னன்னா தட்டுல கொட்டி எடை போட்டு குடுக்குற சாக்லேட்ல லேபிளே இருக்காது. சுகர் ஃப்ரீன்னு கடைக்காரர் வாயால சொல்றாரு, அவ்ளோதான் ஆதாரம். பாக்கெட்ல என்னென்ன சேத்திருக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 14 இலக்க நம்பர் என்ன, தேதி என்னன்னு அச்சடிச்சிருக்கணும், இல்லேன்னா வாங்காதீங்க. நல்லா பண்றவங்களும் இருக்காங்க, அவங்க பாக்கெட்லயே எல்லாம் எழுதியிருப்பாங்க.

அந்த கடைக்கு உங்கள யார் கூட்டிட்டு போறாங்கன்னு பாருங்க. "சார், சாக்லேட் ஃபேக்டரி, ஃப்ரீயா பாக்கலாம்"னு டிரைவர் நிறுத்துவார். நிறைய இடத்துல வண்டி நம்பர குறிச்சுப்பாங்க, நீங்க வாங்குற பில்லுல ஒரு பங்கு அவருக்கு போகும். அந்த பங்க உங்க தலையில வச்சுத்தான் விலை போட்டிருப்பாங்க. இதே ரூட்டுல அடுத்து மூலிகை கடை. அங்கதான் "சுகருக்கு மலைத்தேன், காலையில ஒரு ஸ்பூன் சாப்பிட்டா மாத்திரையே வேணாம்"னு ஆரம்பிப்பாங்க. அசல் தேனாவே இருந்தாலும் 100 கிராம்ல 80 கிராம் பக்கம் சக்கரைதான், மலையில எடுத்தா மாறிடாது. கூடவே பேர் இல்லாத ஒரு பொடி. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அத நம்பி மாத்திரைய நிறுத்திட்டு அளவு 400ல வந்து நிக்கிறவங்கள நாங்க பாக்கத்தான் செய்றோம். இந்த மாதிரி வியாபாரத்த நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு வர்ற வண்டிங்களுக்கு இ-பாஸ் இருக்கு, வண்டி நம்பர் என்ன, எத்தன பேர், எத்தன நாள், எங்க தங்குறீங்க எல்லாம் கேக்குறாங்க. சரி, கேக்கட்டும். மேல ஏரிக்கரையில எத்தன நாள் எண்ணெயில பஜ்ஜி பொரியுதுன்னு யார் கேக்குறது? எண்ணெய்ல கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்த தாண்டினா ஊத்திடணும்னு 2018லயே ரூல் வந்தாச்சு. சீசன்ல ரெண்டு நாள் ரெய்டு, பேப்பர்ல போட்டோ, அப்புறம் அடுத்த சீசன் வரைக்கும் பேச்சே இல்ல. எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகையுதுன்னா நீங்களே நகர்ந்துடுங்க, அத விட்டா வேற காவல் இல்ல.

இப்போ உங்க வீட்டுக்காரர் விஷயத்துல ஒண்ணு இருக்கு, இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. சுகர்காரங்களுக்கு பொதுவா "கம்மியா சாப்பிடுங்க, லேட்டானா பரவால்ல"ன்னு சொல்லிடுவாங்க. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு ஒரு வேளை தள்ளிப் போனா பெரிய ஆபத்து வராது. இவர் போடுறதுல கிளிமிபிரைடு இருக்கு. அது சோறு வந்தாலும் வராட்டியும் இன்சுலின சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும், மாத்திரைய போட்டுட்டு சாப்பாடு லேட்டானா சுகர் தாழ்ந்துடும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினா சாதாரணமாவே ரெண்டு மணி நேரம், சீசன்ல பெருமாள்மலை பக்கம் வண்டி மாட்டுனா எப்போ நகரும்னு யாருக்கும் தெரியாது. வாந்தி வரும்னு வெறும் வயித்தோட ஏறுவாங்க, மாத்திரைய மட்டும் மறக்காம போட்டிருப்பாங்க. அதுதான் ஆபத்து. சாப்பாடு கண்ணு முன்னாடி இருந்தா மட்டும் மாத்திரை. வாந்தி எடுத்து எதுவுமே தங்கலேன்னா டாக்டருக்கு போன் பண்ணாம அடுத்த மாத்திரைய போடாதீங்க. மலையில இன்னொரு சிக்கல், சுகர் தாழ்ந்தா கை நடுங்கும், அத குளிர்னு நினைச்சு போர்வைய போத்தி தூங்க வச்சிடுவாங்க. நடுக்கத்தோட வேர்வையும் படபடப்பும் சேந்து வந்தா, குளிர்ல வேர்க்குதேன்னு பாத்தாலே சந்தேகப்படணும், உடனே சுகர் மீட்டர்ல பாருங்க. 70க்கு கீழன்னா மூணு ஸ்பூன் குளுக்கோஸ் இல்ல சக்கரைய தண்ணியில கரைச்சு குடுங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலேன்னா இன்னொரு தடவ குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. அந்த நேரத்துல சாக்லேட் குடுக்காதீங்க, அதுல இருக்கிற கொழுப்பு சக்கரைய ரத்தத்துல சேர விடாம லேட் பண்ணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. குளுக்கோஸ் பாக்கெட் அவர் சட்டைப் பையில இருக்கணும், டிக்கியில இருக்கிற பேக்ல இல்ல.

சரி, என்ன சாப்பிடலாம். பேக்கேஜ் புக் பண்ணும்போதே காலை டிபன் மட்டும் எடுத்துக்கிட்டு மத்த ரெண்டு வேளைய நீக்க சொல்லுங்க, முடியாதுன்னா வேற ஆள பாருங்க. மூணு வேளையும் சேத்துட்டா காசு குடுத்தாச்சேன்னு எல்லாத்தையும் தட்டுல வைக்கத் தோணும். காலையில ரெண்டு அவிச்ச முட்டை, ரெண்டு இட்லி, சாம்பார் நிறைய. பூரி, ஜூஸ், கார்ன் ஃபிளேக்ஸ் பக்கம் போக வேணாம். ஒரு மணிக்கு எங்க இருந்தாலும் வண்டி நிக்கணும்னு முதல் நாள் காலையிலயே டிரைவர் தம்பிகிட்ட சொல்லிடுங்க, பார்க்கிங் இல்ல, கூட்டம்னு சொல்வார், பரவால்ல தம்பி நிறுத்துங்கன்னு சொல்லுங்க. மத்தியானம் சாதாரண மெஸ்ஸா பாத்து சோத்த பாதியாக்கி, பொரியல ரெண்டு தடவ வாங்குங்க. கூடவே மீனோ கோழிக் குழம்போ முட்டையோ இருந்தா பசி தாங்கும். சுத்தி மலை முழுக்க கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், மலைப்பூண்டு விளையுது, எல்லாம் லாரி ஏறி கீழ மார்க்கெட்டுக்கு போகுது, மேல டூரிஸ்ட் தட்டுல நான் ரொட்டியும் பன்னீர் மசாலாவும்தான் வருது. நீங்க கேட்டா பீன்ஸ் பொரியல் பண்ணித் தர்ற கடைங்க இருக்கு, கேக்கணும். ஞாயித்துக்கிழமை வாரச்சந்தைக்கு போனா கேரட்டும் பட்டர் ஃப்ரூட்டும் வாங்கி வண்டியில வச்சுக்கலாம். பட்டர் ஃப்ரூட்ட ஸ்பூனால அப்படியே சாப்பிடணும், மில்க் ஷேக் ஆக்கினா பாலும் சக்கரையும் ஐஸ்கிரீமும் சேந்து வேற சரக்காயிடும். பிளம்ஸ் சீசன்னா ரெண்டு சாப்பிடலாம். மலை வாழை சின்னதா ஒண்ணு, சாப்பாட்டோட சேத்து வேணாம், நாலு மணிக்கு டீக்கு பதிலா.

சமையலறை உள்ள வீடு எடுத்தீங்கன்னா சின்ன குக்கர் கொண்டு போங்க. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம கொண்டக்கடலை லேசுல வேகாது. ராத்திரி ஊற வச்சு காலையில சுண்டல் பண்ணி டப்பாவுல எடுத்துக்கிட்டா பஜ்ஜி கடை பக்கம் அவர் திரும்பவே மாட்டார்.

ராத்திரி சாப்பாட்ட எட்டு மணிக்குள்ள முடிச்சிட்டு, ஸ்வெட்டரும் ஷூவும் போட்டுக்கிட்டு ஏரி ரோட்டுல இருவது நிமிஷம் நடங்க. முழு சுத்து அஞ்சு கிலோமீட்டர் பக்கம் வரும், அவ்வளவும் வேணாம், சாப்பிட்ட உடனே நடக்குற அந்த இருவது நிமிஷத்துக்கே அளவு நல்லா இறங்கும். ஒரு நாள் அவருக்கு ஆசையா பஜ்ஜி வேணும்னா ரெண்டு சாப்பிடட்டும், அன்னிக்கு சோத்த குறைச்சுக்கோங்க.

மீட்டர ராத்திரி ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க, நிறைய மீட்டருங்க 10 டிகிரிக்கு கீழ போனா எரர் காட்டும். குத்துறதுக்கு முன்னாடி கைய சுடுதண்ணியில கழுவி நல்லா தொடைச்சிடுங்க, இல்லேன்னா ரத்தம் சரியா வராது. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டர பாத்து, வாந்தி எடுத்தா, சாப்பாடு தவறினா மாத்திரைய என்ன பண்றதுன்னு ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. திரும்பி வந்த மறுநாள் வெறும் வயித்துல பாருங்க, மூணு நாள் தொடர்ந்து 180க்கு மேலயே நின்னா உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க, போன தடவ மாதிரி மூணு வாரம் வீட்டுலயே வச்சு பாக்காதீங்க.