மாதவிடாய் நின்றபின் எடுத்துவந்த ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தினால் பழைய தொல்லைகள் திரும்புமா?

58 வயதில், பல வருடங்களாக எடுத்துவரும் ஹார்மோனை விடலாம் என்று நினைக்கிறீர்கள், பழைய அவஸ்தை திரும்புமோ என்று பயப்படுகிறீர்கள். நானும் எடுத்து நிறுத்தியவள்தான். எனக்குத் திரும்பியது. ராத்திரியில் கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும், தலையணை நனைந்துவிடும். சில மாதங்களில் தானாகவே அடங்கியது. நிறுத்துகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வருகிறது. மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது நிறுத்தினால்தான் தெரியும்.

நான் மருத்துவரிடம் கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அப்படிக் குறைத்தால் ஆரம்பத் தொல்லை தணியலாம். நாள்பட்ட பிறகு பார்த்தால், ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கருப்பை இருக்கும்போது, இந்தச் சிகிச்சையில் தரும் இரண்டு ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்துகொண்டு, புரோஜெஸ்டிரோனை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். அதைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டிரோன். அது இல்லாமல் போனால் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. "ஒரு மாத்திரையாவது குறையட்டுமே" என்று இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சூடும் வியர்வையும் பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் போய்விடும். பிறப்புறுப்பு வறட்சி அப்படிப் போகாது, நாளாக நாளாகக் கூடத்தான் செய்யும். நம்மில் பலர் அதை வெளியில் சொல்லாமலே சகித்துக்கொள்கிறோம். சகிக்க வேண்டியதில்லை. உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அதை மட்டும் தொடரலாமா என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பும் நிறுத்தியதும் குறையத் தொடங்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்திருந்தால், நிறுத்துவதற்கு முன்பே எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள்.

இந்தச் சிகிச்சை பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடியதால் 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டு எத்தனையோ பெண்கள் ஒரே நாளில் மாத்திரையை விட்டார்கள். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. வயது, எடுத்த வருடங்கள், எந்த ஹார்மோன், மாத்திரையா தோலில் ஒட்டும் பட்டையா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். அந்தக் கணக்கை உங்களுக்காகத் தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நிறுத்திய பிறகு தொல்லை தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன, குறைந்த அளவில் மறுபடி தொடங்கவும் வழி உண்டு. ஆனால் பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் பட்டால், ஒரு சொட்டு என்றாலும், காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.